பொருள்: அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்குமே துல்லியமா?

பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாமாண்டு மெக்கானிக்கலுக்கு அளவியல் பாடம் தமிழில் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் வந்து மாட்டிக்கொண்டேன். அதன் 2.4 மீட்டர் கண்ணாடியை நானோமீட்டர் கணக்கில் வழவழப்பாகத் தேய்த்தார்கள். 1990இல் மேலே அனுப்பிய பிறகுதான், விளிம்புப் பக்கம் ஏறக்குறைய 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டது தெரிந்தது. சோதனைக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்ததாம். பிரிசிஷன், அதாவது வேலையின் நுணுக்கம், அபாரம்; அக்யூரசி, அதாவது வேண்டிய அளவோடு ஒத்துப்போவது, போச்சு. இதைத் தமிழில் எழுதினால் "மிகத் துல்லியமாகச் செய்தார்கள், ஆனால் துல்லியமாக இல்லை" என்று வருகிறது! பள்ளி இயற்பியலில் துல்லியத்தன்மை, நுட்பம் என்று பிரித்துப் படித்திருக்கிறார்கள், சரி. ஆனால் எங்கள் பாடத்தின் பெயரே "துல்லியப் பொறியியல்". அங்கே துல்லியம் என்றால் பிரிசிஷன். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் துல்லியத்தை வெளியே அனுப்புங்கள். வடமொழி துல்யம், ஒத்தது என்று பொருள், துலா என்ற தராசோடு வந்த சொல். அக்யூரசிக்குச் செப்பம் போதும். பிரிசிஷனுக்குத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார்: ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் நான்கும் "உள்ளதன் நுணுக்கம்". முன்பு இருந்ததைவிட நுணுகுவது. இரும்பைக் கடைந்து கடைந்து அளவுக்குக் கொண்டுவருவது வேறென்ன? ஆகவே "ஆய்மை". ஆய்த எழுத்தின் பெயரும் இந்த வேர்தான் என்பது என் துணிபு, ஆய்தக்குறுக்கம் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கோவை லேத் பட்டறைக்காரர்:

ஐயா, ஆய் என்று தொடங்கும் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாமாண்டுப் பையன்களுக்குப் பாடம் நடத்த முடியாது. குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

பட்டறையில் இதற்குப் பேச்சு இருக்கிறது. "சைஸ் வந்துருச்சு" என்றால் அக்யூரசி. "பத்துப் பீஸும் ஒரே மாதிரி வருது" என்றால் பிரிசிஷன். பத்தும் ஒரே மாதிரி அஞ்சு தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாக வந்தால் டூலைக் கொஞ்சம் உள்ளே கொடுத்தால் தீர்ந்தது. ஆளுக்கொரு பக்கம் வந்தால் மெஷினையே பிரிக்க வேண்டும். அதனால் குறிநேர்மை, ஒருசீர்மை.

இன்னொன்று, துல்லியம் என்பது அந்தந்தக் காலத்துச் சமாச்சாரம். வாட்டின் நீராவி எந்திரத்துக்கு சிலிண்டர் குடைந்து கொடுத்தவர் வில்கின்சன், பீரங்கி குடைய 1774இல் அவர் காப்புரிமை வாங்கியிருந்த வித்தையை வைத்து. 1776இல் வாட்டின் தொழில் கூட்டாளி பவுல்டன் எழுதினார், 50 அங்குல விட்டத்தில் எந்த இடத்திலும் பிழை ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூட இல்லை என்று. அதற்கு முன்பு நீராவி ஒழுகாமல் இருக்கக் கண்டதையும் திணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிசயம். இன்று அந்தப் பிழையோடு ஒரு மோட்டார் பிஸ்டனைக் கொடுத்துப் பாருங்கள், முகத்தில் எறிவார்கள். நம் கொத்தனார் ஒரு நூல் என்பதே எட்டில் ஒரு அங்குலம், அவருக்கு அதுதான் பிரிசிஷன்.

தமிழாசிரியர்:

ஹப்பிளில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. எதோடு எது ஒரே மாதிரி? ஒருசீர்மை அங்கே எப்படிப் பொருந்தும்?

பட்டறைக்காரர்:

...இது நல்ல கேள்விதான் ஐயா. யோசிக்கிறேன்.

சிங்கப்பூர் மொழிபெயர்ப்பாளர்:

துல்லியம் வடசொல்லோ என்னவோ, செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் புரிகிறது, அதைத் தொட வேண்டாம். அக்யூரசிக்கு அதை விட்டுவிட்டு பிரிசிஷனுக்கு நுண்மை என்று வையுங்கள். செப்பம் என்றால் செப்பனிடும் சாலைதான் நினைவுக்கு வருகிறது. நுட்பமும் தொழில்நுட்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சொல்லப்போனால், அந்தக் கால ஆங்கிலேய எந்திரப் பொறியாளர் மாட்ஸ்லி தன் பட்டறையில் ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருந்தார், அதற்கு இங்கிலாந்தின் உயர் நீதிப் பதவியான "லார்ட் சான்சலர்" என்றே பெயர். அளவில் சண்டை வந்தால் அதுதான் கடைசித் தீர்ப்பு. நம் குழுவுக்கும் ஒன்று வேண்டும்.

தமிழாசிரியர்:

அதற்கு "நடுவன்" என்ற பெயர் பொருந்தும். ஆனால் நடுவன் எமனையும் குறிக்கும். ஒருவகையில் பொருத்தமே.

ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, துல்லியம் - நுண்மை என்று போட்டு அனுப்பிவிட்டேன். "கண்ணாடி மிக நுண்மையாகத் தேய்க்கப்பட்டது, வடிவமோ துல்லியமாக இல்லை." படிக்க முடிகிறது. பாடத்தின் பெயரை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, துல்லியப் பொறியியலாகவே இருக்கும், முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர்:

நுண்மை என்றால் சிறியது என்றுதான் மாணவன் எடுத்துக்கொள்வான். என் மறுப்பு பதிவாகட்டும். ஆய்தக்குறுக்கக் கட்டுரை தனி மடலில் வருகிறது.

பட்டறைக்காரர்:

அது சரி மேடம், டாலரன்ஸுக்கு, அதான் அளவில் இவ்வளவு பிசகலாம் என்று விடுகிறோமே அதற்கு, என்ன போட்டீர்கள்? சகிப்புத்தன்மை என்று போட்டுவிடவில்லையே?