வற்றாப்பளைக்குப் போய் என்னத்தைப் பாக்கிறது?

வவுனியாப்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். கனடாவில இருந்து என்ர மச்சாள் வைகாசியில வாறா. அங்கயே பிறந்து வளந்தவ, ஆனா தமிழ் நல்லாக் கதைப்பா. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டாயம் போகோணும் எண்டு நிக்கிறா, அதுவும் சும்மா கும்பிட்டுட்டு வாறதுக்கில்லையாம், கோயிலின்ர வரலாறு என்ன, அங்க எது பழசு எண்டெல்லாம் விளங்கோணுமாம். என்னட்டைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? போன வருசம் போனனான், சனத்துக்குள்ள மூண்டு மணித்தியாலம் நிண்டு முன்னுக்கு நிண்ட ஐயா ஒராளின்ர மொட்டந்தலையைத்தான் கும்பிட்டது, வெளியில வந்தா ஒரு செருப்பைக் காணேல்ல (ஒண்டை மட்டும் கொண்டுபோய் என்ன செய்தாங்களோ). பாத்த மட்டில கட்டிடமெல்லாம் புதுசு மாதிரித்தான் கிடக்கு. கல்வெட்டு, பழைய தூண் அப்பிடி ஏதும் இருக்கா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முள்ளியவளையான்:
பிள்ளை, கல்லில தேடினா மச்சாள் ஏமாந்துதான் போவா. இந்தக் கோயிலின்ர பழமை கட்டிடத்தில இல்ல, பொங்கலுக்கு முன்னால நடக்கிற ரெண்டு கிழமை வேலையில கிடக்கு. நீங்கள் எல்லாரும் திங்கக்கிழமை வந்து நெரிபட்டுட்டு ஓடிப் போறியள், அது கடைசி நாள்.

முதல் பாக்குத்தெண்டல், அதுதான் பொங்கலைத் தொடக்கி வைக்கிற சடங்கு. அது முடிஞ்சு அடுத்த கிழமை தீர்த்தம் எடுக்கிறது, சிலாவத்தைப் பக்கம் தீர்த்தக்கரையில கடல் தண்ணி அள்ளி அதை நடையாக் கொண்டு வாறது. எங்க கொண்டு வாறது? வற்றாப்பளைக்கு இல்ல, எங்கட முள்ளியவளைக் காட்டா விநாயகருக்கு. அங்கதான் அந்தக் கடல் தண்ணியில விளக்கு ஏத்தி ஒரு கிழமை எரிப்பினம். பிறகு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குப் பொங்கல், இரவிரவா அங்க ஆக்கள் நிப்பினம், அது முடிஞ்சுதான் மடைப்பண்டம், அதான் படையல் சாமான், அம்மனிட்டப் போறது. வைகாசிப் பூரணையை ஒட்டி வாற திங்கள் வற்றாப்பளை. பிள்ளையாரை விட்டுட்டு அம்மனை மட்டும் பாத்தா பாதிக் கதைதான். மச்சாளை ஞாயிறு பின்னேரமே கூட்டிக்கொண்டு வாங்கோ.

கதை தெரியுமோ அவவுக்கு? மதுரையை எரிச்ச கண்ணகி இஞ்சால வந்து ஒவ்வொரு இடமாத் தங்கினவ, பத்தாவதாத் தங்கின இடம் பத்தாப்பளை, அதுதான் வற்றாப்பளை எண்டு வந்ததாம். நந்திக்கடல் களப்புக் கரையில மாடு மேய்ச்ச பெடியளிட்டக் கிழவி மாதிரி வந்து பசிக்குது எண்டிருக்கிறா. பெடியள் புக்கை பொங்கிக் குடுத்திருக்கிறாங்கள். பொழுதுபட்டுது, விளக்குக்கு எண்ணெய் இல்ல. கடல் தண்ணியை எடுத்துக் கொழுத்துங்கோடா எண்டாவாம், எரிஞ்சுதாம். பிறகு தலையில பேன் பாக்கச் சொல்லிப் பாத்தா தலை முழுக்க ஆயிரம் கண். பெடியள் பயந்து நிக்க ஆளைக் காணேல்ல. அந்த மாட்டுக்காரப் பெடியளின்ர புக்கையும் விளக்கும்தான் இண்டைக்கும் நடக்குது, ராசா கட்டின கோயில் எண்டு ஆரும் சொல்லுறேல்ல.

கணக்குவாத்தி:
எல்லாம் சரி அண்ணை, கடல் தண்ணி எப்பிடி எரியும்? நான் படிப்பிக்கிறது விஞ்ஞானம், பிள்ளையள் கேட்டா என்ன சொல்லுறது.

முள்ளியவளையான்:
தம்பி, நீர் வந்து கிட்ட நிண்டு பாத்தனீரோ? நான் சின்னனில இருந்து பாக்கிறன். மண்சட்டியில தண்ணி, அதுக்குள்ள துணித்திரி, அடங்கின சுடர். நான் பாத்ததைச் சொல்லுறன், நீர் உம்மட பாடத்தைப் படிப்பியும், ரெண்டுக்கும் சண்டை வேண்டாம்.

நந்திக்கரை:
ஹாஹா ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. தங்கச்சி, மச்சாளுக்கு இன்னொண்டும் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில முந்தி கன கண்ணகி கோயில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில ஆறுமுக நாவலர் ஆக்கள் ஆகமச் சைவத்தைத் தூக்கிப் பிடிக்க, கண்ணகியைச் சமணச் செட்டிச்சி எண்டு தள்ளி வைக்கப் பாத்தவை, பிறகு கன இடத்தில அம்மன் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு பேர் மாறிட்டா. வன்னியிலயும் மட்டக்களப்பிலயும்தான் கண்ணகி கண்ணகியாவே இருக்கிறா. சிங்கள ஆக்கள் பத்தினி தெய்யோ எண்டு கும்பிடுறதும் இவவைத்தான். சிலப்பதிகாரத்திலயே கடல்சூழ் இலங்கைக் கயவாகு எண்டு இலங்கை ராசாவின்ர பேர் வருதெல்லோ. எனக்கு இந்த விசயம் கோபுர உயரத்தை விடப் பெரிசு.

இன்னொரு கதை, பறங்கித்துரை ஒருத்தன் குதிரையில வந்து உங்கட அம்மனுக்கு என்ன சக்தி எண்டு நக்கலடிக்க, பனிச்சை மரம் தானா ஆடிக் காயாலயே எறிஞ்சு கலைச்சதாம். அம்மம்மா இதைச் சொல்லேக்க எறியிற மாதிரிக் கையையும் வீசுவா, பக்கத்தில இருந்தா எங்களுக்குத்தான் அடி.

கோயிலால வெளிக்கிட்டு ஒருக்கா நந்திக்கடல் பக்கம் நில்லுங்கோ. 2009 இல சண்டையின்ர கடைசியில அந்தத் தண்ணியையும் வட்டுவாகலையும் கடந்து வந்த சனம்தான் இண்டைக்கு அங்க மூண்டு கல்லு வைச்சு ஊதி ஊதிப் பொங்குது. நான் அதில ஒருத்தி. அதுக்கு மேல எழுத மாட்டன்.

மாங்குளம்_சந்தி:
வவுனியாவில இருந்து வாறதெண்டா ஏ9 இல மாங்குளம் வந்து ஏ34 இல திரும்பப் போறியள், அப்ப ஒட்டுசுட்டான் வழியில வரும். தான்தோன்றீஸ்வரரை விட்டுட்டுப் போகாதேங்கோ. குரக்கன் வெட்டின ஒட்டுக்கு (மிஞ்சின அடித்தாளுக்கு) நெருப்பு வைக்க எல்லாம் எரிஞ்சு ஒரு பத்தை மட்டும் வேகேல்லையாம், மண்வெட்டி போட ரத்தம் வர, உள்ளுக்க லிங்கம். ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான், சாமிக்கு வேகாவனேஸ்வரர் எண்டும் பேர். பாருங்கோ, இங்கயும் கதை தொடங்கிறது தோட்டக்காரனிட்டத்தான். பொங்கல் நாள் ரோட்டு முழுக்க வாகனம், காலமை வெள்ளன வெளிக்கிடோணும். பிறகு வந்து என்னைப் பேசக் கூடாது.

வவுனியாப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மச்சாளுக்கு இதை வாசிச்சுக் காட்டினன், ரிக்கெட்டை ஒரு கிழமை முன்னுக்கு மாத்தேலுமோ எண்டு பாக்கிறா, தீர்த்தம் எடுக்கிறதையும் பாக்கோணுமாம். நந்திக்கரை அக்கா எழுதினதை வாசிக்கேக்க மட்டும் ஒண்டும் கதைக்காம இருந்தா. முள்ளியவளை அண்ணை, ஞாயிறு இரவு காட்டா விநாயகரில பொம்பிளையள் ரெண்டு பேர் தங்கி நிக்கலாமோ, இல்லாட்டி ஆற்றையும் வீடு பாக்கோணுமோ?

முள்ளியவளையான்:
கோயில் வளவு முழுக்கச் சனம் பாய் விரிச்சுப் படுத்திருக்கும், பயப்பிட ஒண்டுமில்ல. ஆனா நுளம்பு கடிச்சுத் தள்ளும், நுளம்புத்திரி கொண்டு வாங்கோ. செருப்பைப் பையுக்குள்ள வையுங்கோ, ரெண்டையும்.