ஈஸ்டர் முடிந்த பிறகு 50 நாள் என்ன செய்வது?

திருக்காட்டுப்பள்ளிக்காரன்
எல்லாருக்கும் உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்து, கொஞ்சம் பிந்தித்தான். ரொம்ப நாளாக மண்டையில் ஓடுகிற கேள்வி இது. ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலம் வந்தால் எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கறி மீன் கிடையாது, வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதை, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் நடக்கிறார்கள், குடிக்கிறவன்கூட 40 நாள் டாஸ்மாக் பக்கம் போவதில்லை. உயிர்ப்பு ஞாயிறு மதியம் பிரியாணி, சாயங்காலமே அவன் பழைய இடத்தில். பாடுகளுக்கு இவ்வளவு ஏற்பாடு, உயிர்த்தெழுந்ததற்கு ஒன்றுமில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். அப்படியானால் செவ்வாய்க்கிழமை காலையில் வயலுக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன வித்தியாசம்? "மகிழ்ச்சியாக இருங்கள்" என்ற பதில் வேண்டாம், பிரசங்கத்தில் கேட்டாயிற்று.

ஓய்வுபெற்ற உபதேசியார்
இயேசுவுக்கே புகழ். தம்பி, ஏற்பாடு இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். உயிர்ப்பிலிருந்து, தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து திருநாள் வரை 50 நாள், பழைய திருச்சபைக்கு அது முழுக்கத் திருநாள். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தன் கடைசிச் சட்டத்தில், இந்த நாட்களில் முழங்கால் போடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அப்புறம் உயிர்ப்புக்கு முந்தின சனி இரவுத் திருவிழிப்பு வழிபாட்டில் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோமே, பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்கக் கேட்க, கையில் மெழுகுவர்த்தியோடு பின்னால் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் "விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன்" என்கிறோம், உருகிய மெழுகு கையில் விழுந்தால்தான் முழிப்பே வருகிறது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 40 நாள் குடிக்காமல் இருந்தவருக்கு இன்னும் 50 நாள் முடியாதா?

மன்னார்குடி டீச்சர்
ஐயா சொல்வது சரி, ஆனால் அப்படிப் போனால் உயிர்ப்பையும் இன்னொரு தவக்காலமாக்கிவிடுவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுங்கள். 15-ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல்தான், கடைசி எக்காளம், மரணமே உன் கூர் எங்கே என்று உச்சிக்கே போய்விடுகிறார் பவுல். உடனே 16-ஆம் அதிகாரம் முதல் வசனம் என்ன தெரியுமா? வசூல்! எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் எழுந்த அதே நாளில், அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்கிறார்.

நம் பக்கம் ஈஸ்டர் எப்போது வருகிறது? மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில். சம்பா நெல் விற்ற காசு ஓரளவு கைக்கு வந்திருக்கும், தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் எடுக்கிற நேரம். வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும் என்று விடியலிலேயே இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் பெண்கள் பிடுங்குகிறார்கள். அவர்கள் கூலியை அன்றைக்கே கொடுப்பதா, வியாபாரி தரட்டும் என்று நாலு தடவை நடக்க விடுவதா? ஆன்மா மட்டும் பிழைத்தால் போதும் என்றால் கல்லறை காலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லையே. சரீரம் எழும் என்று நம்புகிறவனுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிற சரீரமும் பெரிதாகப் பட வேண்டும்.

தரங்கம்பாடி லுத்தரன்
டீச்சர் அக்கா கூலிக்கு வந்துவிட்டார்கள், நான் கல்லறைக்கே வருகிறேன். எங்களுக்கு ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில். முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்துவிடுவோம், கிழக்கு வெளுக்கும்போது எல்லாரும் சேர்ந்து "சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன்" என்று சொல்வோம். சொல்லிவிட்டு அவரவர் சாதிசனத்துக் கல்லறைப் பக்கம் போய் நிற்போம். இந்தச் சபை அந்தச் சபை என்று இல்லை, திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நடுவே சாதிச் சுவர் நின்ற கதை ஊரறிந்தது. எக்காளம் ஊதினால் எழுந்து சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் நிற்பார்களா? 50 நாளில் இதைப் பேசுங்கள், பிரியாணி எங்கேயும் ஓடிவிடாது.

திருக்காட்டுப்பள்ளிக்காரன்
டீச்சர் சொன்னதை எடுத்துப் பார்த்தேன், பவுல் நடுவில் மூச்சுக்கூட விடவில்லை! கூலி எங்கள் வீட்டில் அன்றன்றைக்கே, அம்மா அதில் ரொம்பக் கறார். கல்லறைதான் சிக்கல். எங்கள் ஊரில் சுவரும் இல்லை வேலியும் இல்லை, ஆனாலும் யாருக்கு எங்கே குழி என்று வெட்டுகிறவருக்குச் சொல்லவே வேண்டாம். பங்குப் பேரவையில் எழுப்பினால் பெரிசுகள் குதிப்பார்கள். எப்படி ஆரம்பிப்பது அண்ணே?

தரங்கம்பாடி லுத்தரன்
கூட்டத்தில் திடீரென்று எழுப்பாதே தம்பி. முன்னாலேயே இரண்டு தெருவிலும் நாலு வீட்டுக்குப் போய்ப் பேசு. பழைய கல்லறைகளைப் பற்றி வாயே திறக்காதே, அதைத் தொட்டால்தான் சண்டை. இனிமேல் இறக்கிறவர்களை வரிசைப்படி அடக்கம் செய்வோம் என்று மட்டும் கேள், அதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கு.