செம்மண் சரளையில் முன் சக்கரம் வழுக்குகிறது, பின்பக்கம் உதைக்கிறது: சஸ்பென்ஷன் உதவி தேவை

பொட்டல்காரன், காரைக்குடி:
அனைவருக்கும் வணக்கம். என் வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ, மண் தடத்திலும் ஓட்டக்கூடிய பைக். பட்டன் டயர் மாட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் சேர்த்து என் எடை 88 கிலோ. கல்லல் பக்கம் எங்கள் சொந்த நிலத்தில் ஒரு தடம் போட்டு ஓட்டிப் பழகுகிறோம். பாதித் தடம் செம்புறாங்கல் தரை. அடியில் கட்டாந்தரை, அதன் மேல் மிளகு அளவுக்கு உருண்டைச் சரளை பரவிக் கிடக்கும். மீதிப் பாதி, கண்மாய்க்குக் கீழே பயிர் வைக்காமல் விட்ட பழைய வயல், அங்கே களிமண்.

சரளையில் ஓர் இடது வளைவு இருக்கிறது. அணை கொடுக்க ஓரத்தில் மண்மேடு எதுவும் கிடையாது. அங்கே திரும்பும்போதெல்லாம் முன் சக்கரம் வெளிப்பக்கமாக நழுவுகிறது. நேர்த்தடத்தின் முடிவில், பிரேக் பிடித்துப் பிடித்தே உண்டான மேடு பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் இரண்டு மேடு சுகமாகக் கடந்துவிடுகிறது. மூன்றாவதிலிருந்து ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) இரும்புக் குழாய் போல இறுகி, அதிர்ச்சி முழுவதும் கைக்கு வருகிறது. அதே இடத்தில் பின்பக்கமும் உதைக்கிறது.

பட்டறையில் எல்லாவற்றையும் இறுக்கச் சொன்னார்கள். முன் ரீபவுண்டை (அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) 4 கிளிக், அதாவது நான்கு படி, இறுக்கியபின் இன்னும் மோசமாகிவிட்டது. டயரில் காற்று இரண்டு பக்கமும் 25 பிஎஸ்ஐ. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, கிளிக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் வண்டி எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள். அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின் அச்சுக்கு நேர் மேலே, பக்கவாட்டு மூடியில் ஒரு டேப் ஒட்டி, அச்சிலிருந்து அந்த டேப் வரை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வண்டியை இறக்கி, ஆள் ஏறாமல் ஓர் அளவு. பிறகு முழுக் கவசத்தோடு ஏறி, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். ஸ்டாண்டில் எடுத்த அளவிலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியே கழித்தால் வருவதுதான் இறக்கம். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் வண்டியை இரண்டு மூன்று தடவை அழுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் சீல் பிடிப்பில் அளவு பொய் சொல்லும்.

உங்கள் வண்டியின் பின் சக்கரம் மொத்தம் 220 மி.மீ. மேலும் கீழும் போகும். ஆளோடு சேர்த்து அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 65 முதல் 73 வரை இறங்கியிருக்க வேண்டும். வண்டி மட்டும் என்றால் 20 முதல் 30.

பொட்டல்காரன்:
அளந்துவிட்டேன் அண்ணே. வண்டி மட்டும் 41. நான் ஏறினால் 94.

தேவகோட்டை அண்ணன்:
உங்கள் இடது வளைவுக்கு விடை அதிலேயே இருக்கிறது. பின்பக்கம் இவ்வளவு தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஃபோர்க் படுத்துக்கொள்ளும், முன் டயரில் பாரம் குறையும். களிமண்ணில் டயரின் பட்டன்கள் புதைந்து பிடித்துக்கொள்வதால் குறை வெளியே தெரியாது. சரளையில் பட்டன் புதைய இடமில்லை. மிளகு மேல் கால் வைத்த கதைதான். பாரம் இல்லாத முன் சக்கரம் அங்கே போய்த்தான் தீரும்.

பின் ஷாக்கின் பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையம்) இறுக்கி, நீங்கள் ஏறிய நிலையில் 70க்குக் கொண்டுவாருங்கள். வளையத்தையும் மரையையும் முதலில் கழுவுங்கள். செம்மண் ஒட்டியிருக்கும்போது திருகினால் மரை கெட்டுவிடும். 70க்கு வந்ததும், ஆள் ஏறாமல் எவ்வளவு இறங்குகிறது என்று மறுபடி பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண்தான் எனக்கு முக்கியம்.

கோவை ரேஸ் பிரியன்:
அண்ணன் சொன்னது சரி. முன்பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் இரண்டு மேடு சுகம், மூன்றாவதிலிருந்து இறுக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே தெளிவான அறிகுறி. ரீபவுண்ட் அதிகமாக இறுகியிருக்கிறது. ஒரு மேட்டில் அமுங்கிய ஃபோர்க் முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. மேட்டுக்கு மேடு ஃபோர்க் கீழேயே தங்கி, கடைசியில் அமுங்க இடமில்லாமல் போகிறது. கம்ப்ரெஷன் (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) இறுகியிருந்தால் முதல் மேட்டிலேயே கை வலித்திருக்கும்.

முன் ரீபவுண்ட் திருகை வலப்பக்கமாக, மென்மையாக, நிற்கும் வரை திருப்பி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு அதே எண்ணிக்கை திரும்பி வந்து, அங்கிருந்து நீங்கள் இறுக்கிய 4 கிளிக்கையும் தளர்த்தி விடுங்கள். ஒரு சுற்று ஓட்டுங்கள். போதாவிட்டால் இன்னும் 2. ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும். முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது.

25 பிஎஸ்ஐ இந்தத் தரைக்கு அதிகம். வண்டி குளிர்ந்திருக்கும்போது 17 வையுங்கள். ஆனால் 15க்குக் கீழே போகாதீர்கள். செம்புறாங்கல் விளிம்பில் மோதினால் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். காற்றைக் குறைப்பதற்கு முன், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வைப் பிடுங்கிவிடும். பங்க்கில் உள்ள மீட்டரை நம்பாமல், குறைந்த அழுத்தம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பொன்னமராவதி விவசாயி:
வண்டி விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்மாய்க்குக் கீழே என்று படித்ததும் கேட்கத் தோன்றியது. கரை மேல் ஏற்றி ஓட்டுகிறீர்களா? எங்கள் பக்கம் சிலர் அப்படிச் செய்து, கரையில் சக்கரத் தடம் வாய்க்கால் போல அறுத்துவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் அதில் இறங்கி அரித்தால் கரை நிற்காது. ஊருக்கே உள்ள தண்ணீர் அது. தயவு செய்து கரையை விட்டுவிடுங்கள்.

பொட்டல்காரன்:
இல்லை ஐயா, கரைப் பக்கம் சக்கரமே போகாது. நடுவில் முள்வேலி இருக்கிறது. நீங்கள் கேட்டது மிகவும் நியாயம்.

அண்ணே, பிரீலோட் இறுக்கிவிட்டேன். ஆளோடு 70. வண்டி மட்டும் 17. முன் ரீபவுண்ட் இப்போது பழைய இடத்திலிருந்து 2 கிளிக் விட்ட நிலையில் இருக்கிறது. பிரேக் மேடுகளில் ஃபோர்க் கடைசி வரை வேலை செய்கிறது. இடது வளைவில் முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பின் உதையும் குறைந்துவிட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. முன்னால் சின்ன ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) போடலாம் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

தேவகோட்டை அண்ணன்:
வண்டி மட்டும் 17 என்பது கொஞ்சம் குறைவு. ஸ்பிரிங் அதிகக் கடினம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால்தான் 70க்குக் கொண்டுவர இவ்வளவு பிரீலோட் தேவைப்பட்டது. அப்படி இறுக்கிய ஸ்பிரிங், பாரம் முன்னால் போகும்போது பின்பக்கத்தை மேலே தள்ளும். மீதமிருக்கும் உதையில் பாதி அதுதான். பின் ரீபவுண்டை 1 கிளிக் மட்டும் இறுக்கிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு ஒரு படி கடினமான ஸ்பிரிங். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) விதிகளில் உங்கள் பிரிவுக்கு எதை மாற்றலாம் என்று படித்துவிடுங்கள்.

ஸ்ப்ராக்கெட் வேண்டாம். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். சரளையில் பின் சக்கரம் சும்மா சுற்றும். இன்ஜினுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பதுதான். நம் செம்மண் தூசி மாவு போன்றது.

கோவை ரேஸ் பிரியன்:
தடத்துக்குத் தண்ணீர் எப்போது அடிக்கிறீர்கள்?

பொட்டல்காரன்:
ஓட்டுவதற்குச் சற்று முன், காலையில்.

கோவை ரேஸ் பிரியன்:
முதல் நாள் மாலையிலேயே அடியுங்கள். இரவில் உள்ளே இறங்கி ஊறும். காலையில் அடித்தால் மேல்தோல் மட்டும் நனைந்து, களிமண் பகுதி வழுக்கும்; வெயில் ஏறியதும் தூசி பறக்கும். அந்தத் தடத்தை வைத்து செட்டிங் பார்த்தால் ஒவ்வொரு மணி நேரமும் வேறு வண்டி ஓட்டுவதாகத் தோன்றும்.

பொட்டல்காரன்:
இன்றே லாரிக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: பின்பக்கம் உயர்ந்ததால் செயின் தொய்வாகத் தெரிகிறது. இறுக்கலாமா?

தேவகோட்டை அண்ணன்:
நிற்கும் நிலையைப் பார்த்து இறுக்காதீர்கள். பின் அச்சு, ஸ்விங்கார்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சட்டத்தோடு சேரும் போல்ட், முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். இருவரை உட்காரவைத்து வண்டியை அந்த நிலைக்கு அமுக்கி, அப்போதும் விரலால் தூக்கினால் கொஞ்சம் ஆடும்படி வையுங்கள். அங்கே ஆடினால் போதும், நிற்கும்போது தெரியும் தொய்வு இருக்கட்டும்.