மறு: லாக்டோஸ் இன்டாலரன்ஸ் – ‘சேராமை’ என்றால் என்ன குறை?

வணக்கம்.

பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் லாக்டோஸ் இன்டாலரன்ஸ். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதானே பேச்சு? ‘பாற்சர்க்கரைச் சகிப்பின்மை’ எனக்கு ஒட்டவில்லை. சகிப்பது மனசு, குடல் அல்ல. ‘ஒவ்வாமை’யும் வேண்டாம், அது அலர்ஜிக்குப் போய்விட்டது, பால் புரதத்தோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி மல்லுக்கு நிற்பது அது. இங்கே நடப்பது வேறு. சிறுகுடலில் லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைந்துபோய், உடைபடாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து, வாயு ஒரு பக்கம், குடலுக்குள் இழுக்கப்படும் தண்ணீர் ஒரு பக்கம் என்று வயிறு உப்பி, கடைசியில் ஓட்டம்தான்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் பால் பணியாரம். தேங்காய்ப்பால்தானே என்று ஒரு கிண்ணம் முடித்துவிட்டேன். பாதிக்குப் பாதி பசும்பால் என்பது இரண்டு மணி நேரம் கழித்துத் தெரிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். வளவில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “ஏப்பா, உனக்குப் பால் சேராதா?” என்றார். அவ்வளவுதான், பாற்சர்க்கரைச் சேராமை!

‘செரியாமை’ போதுமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது, இரண்டும் வேண்டும். அந்தப் பாக்டீரியா கிளப்பும் ஹைட்ரஜனை மூச்சில் அளக்கும் சோதனையில் தெரிவது செரியாமை. அதனால் வயிறு படுத்தும் பாடு சேராமை. செரியாத எல்லாருக்கும் தொல்லை வருவதில்லை. ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் வரை பெரும்பாலானோர் தாங்கிவிடுவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை போலிருக்கிறது.

‘பாற்சர்க்கரை’தான் கொஞ்சம் இடிக்கிறது. பாலில் உள்ள சர்க்கரை எனக்குச் சேராது என்றதும் ஆச்சி, “அப்ப சீனி போடாமக் குடி” என்றார்! அது பாலிலேயே இருப்பது என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு செம்பு மோர் வந்துவிட்டது. பாலைவிட அது தேவலைதான்: உறை ஊற்றிய பாலில் பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றியிருக்கும். நெய்யில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை, பயப்பட வேண்டாம்.

‘பால் சேராமை’ என்று சுருக்கினால் அலர்ஜிக்காரர்களும் உள்ளே வந்துவிடுவார்கள், அதனால் நீளமாகவே இருக்கட்டும். அப்புறம், லாக்டோஸும் லாக்டேஸும் நம் எழுத்தில் ஒரே ஒரு காலில்தான் வேறுபடுகின்றன. அச்சில் அந்தக் கால் விழுந்தால் சர்க்கரை நொதியாகிவிடும், எனவே லாக்டேஸைப் ‘பாற்சர்க்கரை நொதி’ என்றே எழுதலாமா?