சமாரியப் பெண் எந்தப் பாவத்துக்காக அழுதார்? (தவக்காலம் 3-ஆம் ஞாயிறு)

கிணற்றடி:
கத்தோலிக்கத் திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில், முதல் ஆண்டின் தவக்கால 3-ஆம் ஞாயிறு வாசகத்துக்கு (யோவான் 4:5-42) எழுதப்படும் சிந்தனைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார், உமக்கு ஐந்து கணவர்கள் இருந்தார்கள், இப்போது இருப்பவர் உம் கணவர் அல்ல என்கிறார், அந்த வாசகம்தான். எல்லாம் ஒரே அச்சு. நடத்தை கெட்டவள், ஊர்க்கண்ணுக்குப் பயந்து உச்சிவெயிலில் தண்ணீர் எடுக்க வந்தாள், இயேசு குட்டை உடைத்தார், அழுது மனம் மாறினாள், நாமும் மாறுவோம், ஆமென். இதில் பாதி நற்செய்தியில் இல்லவே இல்லை. நண்பகல் என்றுதான் யோவான் எழுதுகிறார், பயந்து வந்தாள் என்று எழுதவில்லை. இயேசுவும் அதே வெயிலில்தான் களைத்து உட்கார்ந்திருக்கிறார், அவர் யாருக்குப் பயந்தார்? ஐந்து கணவர்களில் சிலர் செத்திருக்கலாம், சிலர் தள்ளிவைத்திருக்கலாம். மணவிலக்குச் சீட்டு எழுதும் உரிமை ஆண் கையில் இருந்த காலம் அது, இணைச்சட்டம் 24 பாருங்கள்.

மறைக்கல்வியாளன்:
ஐந்து பேரையும் சாகடித்துவிட்டீர்கள், சரி. ஆறாவது ஆளை என்ன செய்வீர்கள்? இப்போது உம்முடன் இருப்பவர் உம் கணவர் அல்ல என்று சொன்னது எந்தச் சிந்தனை எழுத்தாளரும் இல்லை, இயேசு. இந்த வாசகத்தைத் திருச்சபை சும்மா இங்கே வைக்கவில்லை. பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு விழாவுக்கு முந்திய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு பெறப்போகிறவர்களின் மனத்தை ஆராய்ந்து, தீமையிலிருந்து விடுவிக்க மன்றாடும் சடங்கு தொடங்குவது இந்த ஞாயிற்றில்தான். அடுத்த வார வாசகம் பார்வை பெற்ற பார்வையற்றவர், அதற்கடுத்து உயிர்பெற்ற இலாசர். திருமுழுக்கு பெறப்போகிறவர்களுக்காகவே மற்ற இரண்டு ஆண்டுகளிலும்கூட இந்த மூன்றையும் வாசிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அன்றைய இரண்டாம் வாசகம் உரோமையர் 5, நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்பது. பாவத்தை எடுத்துவிட்டால் தவக்காலத்தில் மிச்சம் என்ன, டயட்டா?

கிணற்றடி:
பாவத்தை எடுக்கச் சொல்லவில்லை ஐயா, இல்லாத அழுகையை ஒட்டவைக்காதீர்கள் என்கிறேன். இதே யோவானில் 5-ஆம் அதிகாரத்தில் குணமான மனிதரிடம் இனி பாவம் செய்யாதீர் என்கிறார், 8-இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமும் சொல்கிறார். 4-இல் சொல்கிறாரா? மன்னிப்பு என்ற பேச்சாவது வருகிறதா? அன்றைய தொடக்கவுரை (திருப்பலியில் நற்கருணை மன்றாட்டைத் தொடங்கும் செபம்) சமாரியப் பெண்ணின் நம்பிக்கைமேல் இயேசுவுக்கு இருந்த தாகத்தைப் பற்றிப் பேசுகிறது, பாவத்தைப் பற்றி இல்லை. இன்னொன்று, நேரமில்லாத இடங்களில் வாசிக்கும் குறுகிய வடிவம் 15-ஆம் வசனத்திலிருந்து 19-இன் பின்பாதிக்குத் தாவிவிடும். கணவர் பேச்சே வராது. அதுதான் மையம் என்றால் வெட்டியிருப்பார்களா?

மறைக்கல்வியாளன்:
அந்தக் குறுகிய வடிவத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், உங்களையே கவிழ்த்துவிடும். அதில் 27 முதல் 38 வரையும் போய்விடுகிறது. அந்தப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் போகும் இடம் கிடையாது. 39-இல் அந்தப் பெண்ணின் சாட்சியால் நம்பினார்கள் என்ற பகுதியும் கிடையாது. ஆனால் 42 மட்டும் அப்படியே இருக்கிறது. இனி உம் பேச்சைக் கேட்டு நாங்கள் நம்பவில்லை என்று ஊரார் சொல்கிறார்கள், எந்தப் பேச்சு என்று கோவிலில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது! வெட்டியதை வைத்து மையம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. முழு வாசகத்தைப் பார்த்தால், நான் செய்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அந்தப் பெண்ணே ஊரைக் கூட்டிச் சொல்கிறார். கணவர்கள் செத்துப்போனதை யாராவது 'நான் செய்தது' என்பார்களா?

பழைய_பாடகர்குழு:
குறுக்கே வருகிறேன். ஐந்து கணவர்களை ஐம்புலன்கள் என்று புனித அகுஸ்தினார் விளக்கியிருக்கிறார். 2 அரசர்கள் 17-இல் சமாரியாவில் குடியேற்றப்பட்ட ஐந்து இடத்து மக்களும் அவரவர் தெய்வங்களும் வருகிறார்கள், அதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கணவர் பேச்சு முடிந்த கையோடு அந்தப் பெண் கேட்பது எங்கே வழிபடுவது என்றுதானே. நீங்கள் இருவரும் படுக்கையறையை விட்டு வெளியே வரவே இல்லை.

மறைக்கல்வியாளன்:
ஐம்புலன், ஐந்து இடத்துத் தெய்வங்கள் என்று உருவகமாக்கிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. அகுஸ்தினார் பெரியவர்தான், ஆனால் கிணற்றடியில் நின்றது ஒரு பெண், புலன்கள் இல்லை.

கிணற்றடி:
இதில் மட்டும் நானும் உங்கள் கட்சி. எங்கள் விவிலியப் பகிர்வுக் குழுவில் இரண்டு கணவர்களையும் பறிகொடுத்த ஒருவர் இருக்கிறார், ஒவ்வொரு முறையும் 'ஐந்து பேரோடு வாழ்ந்த அவள்' என்று மறையுரை தொடங்கும்போது அவர் குனிந்துகொள்வார். ஐம்புலன் என்று சொல்லி அவரை நிமிர்த்த முடியாது. அப்புறம், அன்றைக்குப் பாவம்தான் வேண்டும் என்றால் முதல் வாசகத்துக்குப் போங்களேன். விடுதலைப் பயணம் 17, மாசா, மெரிபா என்று பெயர் பெற்ற இடம். ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்று தாகத்தில் முணுமுணுத்தது இஸ்ரயேலர் என்ற ஒரு முழு மக்கள்கூட்டம். 'இதயத்தைக் கடினப்படுத்திக்கொள்ளாதீர்கள்' என்று பதிலுரையாக வரும் திருப்பாடல் 95 திட்டுவதும் அவர்களைச் சொல்லித்தான், நம்மையும் சொல்லித்தான். அதை விட்டுவிட்டு எல்லாரும் ஒரு பெண்ணின் கல்யாணக் கணக்கையே பார்க்கிறோம்.

மறைக்கல்வியாளன்:
மெரிபாவை எடுத்துக்கொள்கிறேன், நல்ல இடம். ஊருக்குப் பயந்து வெயிலில் வந்தாள் என்ற வரியையும் வகுப்புக் குறிப்பிலிருந்து அடித்துவிடுகிறேன், அதற்கு ஆதாரம் இல்லைதான். ஆனால் ஆறாவது ஆள் இருப்பார். அவரைத் தொடாமல் அந்த உரையாடலை என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது.

கிணற்றடி:
இருக்கட்டும். கூடவே அந்தப் பெண்ணிடம் இயேசு மன்னிப்புப் பேசவில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள், ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் உங்கள் பாடு.

பழைய_பாடகர்குழு:
எங்கள் பங்கில் இந்த முறையும் குறுகிய வடிவம்தானாம். சண்டை போட்டதெல்லாம் வீண்.