ஐபிஏ முதலிலா, ஸ்டவுட் முதலிலா?
பெங்களூரு நண்பர்களே, வரும் சனிக்கிழமை இந்திராநகரில் ஒரு மைக்ரோபிரூவரியில் நான்கைந்து வகை பியரைச் சின்ன கிளாஸ்களில் வாங்கி, ருசி பார்த்துக் குறிப்பெழுதலாம் என்றிருக்கிறோம். ஹெஃபெவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பியர் எனக்குப் பிடிபடும்: வாழைப்பழ வாசனை, பின்னாலேயே லேசாகக் கிராம்பு. இரண்டுமே ஈஸ்ட் தருவது. பழமோ மசாலாவோ போடுவதில்லை. ‘பெல்ஜியன் விட்’ என்ற கோதுமை பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே சேர்க்கிறார்கள், அதனால் அதுவும் சுலபம்.

தடுமாறுவது மற்ற இரண்டில்தான். கசப்பு தூக்கலான ஐபிஏவில், அந்தக் கசப்பைத் தாண்டி ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்தை எப்படிப் பிரித்தறிவது? ஸ்டவுட் என்ற கறுப்பு பியரின் காபிக் கசப்பு வறுத்த பார்லியிலிருந்து வருவது. ஹாப்ஸ் கசப்பிலிருந்து அது நாக்கில் எப்படி வேறுபடும்? இரண்டில் எதைக் கடைசியில் வைக்கலாம்? அப்புறம், இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் போதுமா? மசாலா வேர்க்கடலை கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஒருத்தன் வரவே மாட்டான்.