சர்வோ சேர்த்ததும் வலது சக்கரம் ஸ்டிக்குக்குக் கட்டுப்படல

தக்கலை_போட்:
ரோபோ சாக்கர் வண்டி. ஆர்டுயினோ ஊனோ (கோடு ஓடுற போர்டு), எல்298 டிரைவர் (மோட்டாரை ஓட்டுற போர்டு), 12 வோல்ட் கியர் மோட்டார் ரெண்டு, வயர்லெஸ் பிஎஸ்2 கன்ட்ரோலர். இடது மோட்டார் வேகம் 5-ஆம் பின்ல, வலது 10-ல. பந்தைப் பிடிக்கிற கைக்கு 7-ஆம் பின்ல ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்புற மோட்டார்) போட்டு எல்1 பட்டன்ல கொடுத்தேன். அதுக்கப்புறம் வலது சக்கரம் பாதி ஸ்டிக்குக்கு அசையவே மாட்டேங்குது, முழுசா தள்ளினா மட்டும் பாயுது. எல்1-ஐ அமுக்கிப் பிடிச்சா கை படபடன்னு திறந்து மூடுது. டிரைவர் போச்சா அண்ணே?

வேளிமலை:
டிரைவர் போகல மக்ளே. ஊனோவுல சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ (சிப்புக்குள்ள இருக்குற ஒரு நேரக் கணக்கி) எடுத்துக்கும். சர்வோ எந்தப் பின்ல இருந்தாலும் 9, 10 ரெண்டுலயும் பிடபிள்யூஎம் (பின்னை வேகமா ஆன்-ஆஃப் பண்ணி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) போயிரும். வேக மதிப்பு 255 கொடுத்தா மட்டும் பின் முழுசா ஆன் ஆகும், நடுவுல உள்ள எந்த மதிப்புக்கும் ஆஃப்தான். வலது வயரை 6-க்கு மாத்து, கோடுலயும் எண்ணை மாத்து. 5, 6 ரெண்டும் ஒரே டைமர், அதனால ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி நடக்கும்.

எல்1 சங்கதி வேற. நீ "அமுங்கியிருக்கா"ன்னு கேக்குற ஃபங்ஷனைப் போட்டிருப்ப. 50 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை லூப் (கோடுல திரும்பத் திரும்ப ஓடுற பகுதி) சுத்தினா செகண்டுக்கு 20 தடவை கை மாறும். "இப்பதான் அமுக்கினாங்களா"ன்னு பாக்குற பட்டன்பிரஸ்டு போடு. கன்ட்ரோலரை ரீட் பண்ற வரி லூப்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டாவது வந்தா, முதல் ரீட்ல பதிவான அமுக்கலை அது அழிச்சிரும். பட்டன் சிலநேரம் வேலை செய்யும், சிலநேரம் செய்யாது.

தக்கலை_போட்:
6-க்கு மாத்தினதும் சரியாச்சு, எல்1-உம் ஒழுங்கா இருக்கு. ஆனா கை பந்தை இறுக்கும்போது போர்டு ரீசெட் ஆகுது.

குளச்சல்_வயர்:
சர்வோவுக்கு 5 வோல்ட் எங்கிருந்து? ஊனோவுலயோ எல்298 போர்டுலயோ இருந்துன்னா அதுதான் காரணம். பெரிய மெட்டல் கியர் சர்வோ இறுகி நிக்கும்போது 1 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அந்த ரெகுலேட்டர் தாங்காது. வோல்ட் சரிஞ்சு போர்டு ரீசெட் ஆகும். பேட்டரியில இருந்து தனியா 5 வோல்ட், 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைச்சுக் கொடுக்கிற போர்டு) போடுங்க. கிரவுண்ட் எல்லாம் ஒண்ணாச் சேரணும், இல்லன்னா சர்வோ நடுங்கிட்டே இருக்கும்.

கடலோரத்துல வச்சு ஓட்டுறதா இருந்தா ஜம்பர் வயரை நம்பாதீங்க. உப்புக் காத்துல பின் களிம்பேறிரும். சால்டர் பண்ணுங்க, இல்லன்னா ஸ்க்ரூ டெர்மினல்.

வேளிமலை:
அப்படியே கன்ட்ரோலர் ஸ்டிக்கையும் பாத்துரு. மேலே முழுசா தள்ளினா 0, கீழே 255, நடு 128 பக்கம். 127-ல இருந்து கழிச்சு ரெண்டால பெருக்கினா முன்னே போறது பிளஸ்ல வரும். நடுவுல 15 அளவு சுத்தமா பூஜ்யமாக்கு, கையெடுத்த பிறகும் வண்டி ஊராது. முன்-பின் மதிப்பு ஒய், இட-வல மதிப்பு எக்ஸ் (வலது பக்கம் பிளஸ்)னு வச்சா, இடது சக்கரத்துக்கு ஒய் கூட்டல் எக்ஸ், வலதுக்கு ஒய் கழித்தல் எக்ஸ், ரெண்டையும் 255-க்குள்ள கட்டு. புது கோடு ஏத்தும்போது சக்கரம் தரையில படாம வண்டியைத் தூக்கி வச்சுக்க.